புயலில் சிதைந்த நடைபாதைகளைத் திருத்த நிதி கேட்பது எப்படி? திருகோணமலை நடைபயணிகளின் கேள்விகளும் பதில்களும்

கதிர்காமப் பாதயாத்திரைக்குப் போகிறவர்கள், வார இறுதியில் மலையேறுகிறவர்கள், குளக்கட்டால் வயலுக்கு நடக்கிறவர்கள் என்று பலரும் டித்வா புயலுக்குப் பிறகு திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

எந்தப் பாதையைச் சொல்றீங்க? கார் ஓடுற ரோட்டையா?

இல்லை. காலால் நடக்கும் பாதைகள். திரியாய், குச்சவெளி, நிலாவெளி எனக் கடலோரமாக வந்து, கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று வழியாக வெருகல் முருகன் கோயிலுக்குப் போகும் யாத்திரைத் தடத்தில் தார் வீதியை விட்டு விலகும் துண்டுகள் ஒரு வகை. திரியாய் மலையில் ஏறுவது போன்ற கற்படிப் பாதைகள் இன்னொரு வகை. குளக்கட்டுகள், வாய்க்கால் கரைகள், காட்டு ஒற்றையடிப் பாதைகள் மீதி. தார் வீதி உடைந்தால் பஸ் நிற்கும், செய்தி வரும், ஆள் வரும். ஒற்றையடிப் பாதை உடைந்தால் ஆட்கள் சுற்றிப் போகப் பழகிவிடுவார்கள். அதனால்தான் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

புயல் போய் எவ்வளவு நாளாச்சு. தண்ணியும் வத்திட்டுது. இன்னும் என்ன சேதம்?

தண்ணீர் வற்றிய பிறகுதான் சேதம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியது. டித்வா 2025 நவம்பர் 28இல் கிழக்குக் கரையால் நாட்டுக்குள் புகுந்தது. இந்த முறை மாவட்டத்தின் தெற்கை மகாவலி வெள்ளம் மூடியது, மாவிலாற்று அணைக்கட்டும் உடைப்பெடுத்தது. காற்று விழுத்திய மரத்தை யாரும் பார்க்கலாம். வெள்ளம் செய்தது வேறு: மதகுக்கு அடியில் மண்ணைக் குடைந்திருக்கும், மேலே தட்டு மட்டும் நிற்கும். கட்டின் பின்சரிவு வழுகியிருக்கும். படிக்கல்லின் அடிமண் போய்க் கல் ஆடும்.

இன்னொரு விஷயம், மார்கழியில் பார்வையிட வருகிறவர்கள் வெள்ளத்தைப் பார்க்கிறார்கள். யாத்திரிகர்கள் இங்கே நடப்பது வைகாசியை ஒட்டி. அப்போது அதே இடம் வெறும் மணலாகவும் புல்லாகவும் கிடக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் சேர்ப்பதுதான் உங்கள் வேலை.

பாதை ஆருட பொறுப்பு? ஒவ்வொரு கந்தோரும் மற்றக் கந்தோரைக் காட்டுது.

பாதை கிடக்கும் நிலம் யாருடையதோ, பணம் பாதீட்டில் அவர்களின் செலவுத் தலைப்பில்தான் வர வேண்டும். ஏ, பி தர வீதிகளின் ஓரம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஊருக்குள் இருக்கும் சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி சபைக்கு. காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம், சரணாலயமோ தேசிய பூங்காவோ என்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், தொல்லியல் இடம் என்றால் தொல்லியல் திணைக்களம். கன்னியா வெந்நீரூற்றும் திரியாய் மலையும் கடைசி வகை.

குளக்கட்டில்தான் ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள். 80 ஹெக்டேயருக்குள் நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம், அது மத்தியதாகவோ மாகாணத்ததாகவோ இருக்கலாம். கடற்கரையில், சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டுவதென்றாலும், நிலம் யாருடையதாக இருந்தாலும், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

ஒரு நடைபாதை 5 கிலோமீற்றருக்குள் மூன்று பேரின் நிலத்தைக் கடக்கும். ஒரே கடிதத்தில் முழுப் பாதையையும் கேட்டால் மூவரும் மற்றவரைக் காட்டுவார்கள். துண்டாக்கி, துண்டுக்கு ஒரு கடிதம் கொடுங்கள்.

ஆருட காணி எண்டே தெரியேல்ல எண்டால்?

முதலில் கிராம உத்தியோகத்தர், பிறகு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு. வாய்ப்பதில் மட்டும் கிடைத்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்கத் தேவையில்லை. கேள்வியை இறுக்கமாக வையுங்கள்: “இந்த ஆள்கூறு முதல் இந்த ஆள்கூறு வரை உள்ள பாதையின் பராமரிப்பு எந்த நிறுவனத்திடம் உள்ளது? கடைசியாக எந்த ஆண்டு, எவ்வளவு தொகை செலவிடப்பட்டது?” இரண்டாவது கேள்விக்கு “செலவிடப்படவில்லை” என்று பதில் வந்தால், உங்கள் மனுவின் முதல் இணைப்பு அந்தத் தாள்தான்.

எம்பிட்ட சொன்னா அவர் பாராளுமன்றத்தில காசு ஒதுக்கித் தருவார்தானே?

நேரடியாக ஒதுக்க அவரால் ஏலாது. அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரைப்படி, அரசின் பொதுப் பணமான திரட்டு நிதியத்திலிருந்து பணம் எடுக்கும் சட்டமூலத்தையோ பிரேரணையையோ அமைச்சர் ஒருவர்தான் கொண்டுவரலாம், அதற்கும் அமைச்சரவையின் ஒப்புதல் வேண்டும். ஆகவே “நிதி ஒதுக்கித் தாருங்கள்” என்று தனி உறுப்பினரிடம் கொடுக்கும் மனு பெரும்பாலும் பரிந்துரைக் கையெழுத்தோடு வேறு மேசைக்குப் போய்விடும்.

அவரால் ஏலுமானவை நான்கு. துறை அமைச்சரிடம் வாய்மூல விடைக்கான வினா கேட்பது. பாதீட்டின் குழுநிலை விவாதத்தில் அந்த அமைச்சின் தலைப்பு வரும் நாளில் பாதையின் பெயரைச் சொல்லிப் பேசுவது. மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் விடயத்தை நிகழ்ச்சி நிரலில் ஏற்றுவது. பொதுமக்களின் மனுவைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிப்பது. அந்த மனு உறுப்பினர் ஒருவரின் கையால்தான் போக முடியும். இந்த நான்கில் எதை வேண்டுகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதிவிடுங்கள். எங்கள் பார்வையில் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவே வேகமானது. வன அலுவலரும் கமநல அலுவலரும் பிரதேச சபைத் தவிசாளரும் ஒரே அறையில் இருப்பார்கள், ஒருவர் மற்றவரைக் காட்டும் “அவரைக் கேளுங்கள்” விளையாட்டு அங்கே செல்லாது. கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பிறகு கட்டாயம் பாருங்கள்.

மாவட்டத்துக்கு 4 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நால்வருக்கும் ஒரே நாளில், ஒரே கடிதம் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அது அவருடைய கட்சியின் கோரிக்கையாகிவிடும், மற்ற மூவரும் விலகி நிற்பார்கள்.

மாகாண சபை இஞ்சதானே இருக்கு, அங்க கேக்கலாமே?

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. மாகாணத்தின் நிதியும் நிர்வாகமும் ஆளுநரின் கீழ் நடக்கின்றன. மாகாண வீதியாகவோ மாகாணக் குளமாகவோ இருந்தால் மனுவை ஆளுநருக்கும் மாகாணத் திணைக்களத்தின் பணிப்பாளருக்கும் கொடுங்கள்.

எப்பக் கேக்கிறது? புயல் அடிச்ச உடனயா?

சேதப் பதிவு உடனே, நிதிக் கோரிக்கை அதற்கான மாதத்தில். இதில் பிசகினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வருடம் போய்விடும்.

அரச நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளைத் திணைக்களங்கள் நடு ஆண்டிலேயே தயாரிக்கத் தொடங்கிவிடும். பாதீடு பெரும்பாலும் நவம்பரில் வாசிக்கப்படும். 2026க்கானது 2025 நவம்பர் 7இல் வந்தது. நவம்பரில் மனு கொடுக்கிறவர் அச்சாகிவிட்ட புத்தகத்தில் வரி சேர்க்கக் கேட்கிறார். திணைக்களத்துக்கான கோரிக்கை மே, ஜூனில் போய்ச் சேர வேண்டும். பிரதேச சபைகளின் பாதீடு ஆண்டின் கடைசி மாதங்களில் வாக்கெடுப்புக்கு வரும், அங்கே செப்டெம்பர் வரை இடம் உண்டு.

இதோடு நம் மழையையும் வைத்துப் பாருங்கள். மண்வேலைக்கு ஏற்ற காலம் மாசி கடைசியிலிருந்து புரட்டாதி வரை. ஒக்டோபரில் மழை பிடித்தால் கிறவல் இறுகாது, டிராக்டர் புதையும். ஜனவரியில் ஒதுக்கிய பணம் கைக்கு வர ஜூலை, கேள்விப்பத்திரம் (டெண்டர்) முடிய செப்டெம்பர், வேலை தொடங்க ஒக்டோபர். பல திருத்தங்கள் முதல் மழையிலேயே கரைந்து போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆகவே மனுவில் “ஓகஸ்ட் 31க்கு முன் மண்வேலை முடிய வேண்டும்” என்ற வரி இருக்கட்டும். பணத்தைக் கேட்கும் அதே அழுத்தத்தோடு திகதியையும் கேளுங்கள்.

பேரிடருக்குப் பிறகு, பாதீட்டுக்கு மேலதிகமாகப் பணம் கேட்கும் குறைநிரப்பு மதிப்பீடு கொண்டுவரப்படுவதுண்டு, டித்வாவுக்குப் பிறகும் வந்தது. அந்தப் பணத்தில் சேர வேண்டுமென்றால் உங்கள் சேதம் மாவட்டச் செயலகத்தின் சேதப் பட்டியலில் ஏற்கெனவே இருக்க வேண்டும். பதிவை உடனே செய்யச் சொன்னது அதற்காகத்தான்.

கடிதத்தில என்ன எழுதோணும்?

ஒரு பக்கம் போதும், இணைப்பு எவ்வளவும் இருக்கலாம். பக்கத்தில் இவ்வளவு: பாதையின் பெயர், தொடங்கும் முடியும் ஆள்கூறு, எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு, நிலம் எந்த நிறுவனத்துடையது, யார் எந்த மாதங்களில் நடக்கிறார்கள், உடைவுகளின் எண்ணிக்கையும் அளவும், கேட்கும் வேலை, முடிய வேண்டிய திகதி, உறுப்பினரிடம் வேண்டும் ஒரே ஒரு செயல். “பாரம்பரியம் மிக்க”, “எழில் கொஞ்சும்” என்ற முன்னுரைகளை வெட்டிவிடுங்கள். வாசிப்பவர் அளவு எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவார்.

நடப்பவர்களின் எண்ணிக்கையை ஊகித்து எழுதாதீர்கள். ஒரு சனி, ஒரு புதன், காலை 6 முதல் மாலை 6 வரை ஒருவர் உட்கார்ந்து எண்ணட்டும். வயலுக்குப் போகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை, விறகெடுப்பவர், யாத்திரிகர் என்று பிரித்து எண்ணினால் அது சுற்றுலாக்காரரின் பொழுதுபோக்கு அல்ல என்பதை அந்தத் தாளே சொல்லும்.

அளவெடுக்க இஞ்சினியர் வேணுமே?

இறுதி மதிப்பீட்டைச் சபையின் அல்லது திணைக்களத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்தான் போட வேண்டும். அவரை ஒரு முறை வரவழைக்கும் அளவுக்கான கணக்கை நீங்களே எடுக்கலாம். 30 மீற்றர் நாடா, 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்ட 2 மீற்றர் தடி, ஆள்கூறு காட்டும் கைபேசி, மேசன்மாரின் தண்ணீர் மட்டக் குழாய், இவ்வளவும் போதும். ஒவ்வொரு உடைவுக்கும் ஓர் எண். தடியை உடைவுக்குள் நட்டு, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு படம்.

உடைவு 6 மீற்றர் நீளம், சராசரி 2 மீற்றர் அகலம், 0.8 மீற்றர் ஆழம் என்றால் 9.6 கனமீற்றர். மண் இறுகும்போது குறையும் என்பதால் கால் பங்கு சேர்த்தால் 12. ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கனமீற்றர். எனவே நாலேகால் கியூப். சரிவுக்கு: குழாயின் இரு முனைகளையும் பாதையில் 10 மீற்றர் இடைவெளியில் பிடியுங்கள். மட்ட வித்தியாசம் 1.2 மீற்றர் என்றால் சரிவு நூற்றுக்கு 12. நூற்றுக்கு 10ஐத் தாண்டும் மண்பாதை மழையில் வாய்க்காலாகும், அந்த இடத்துக்குப் படியோ கல் வரிசையோ கேட்க வேண்டும்.

ஒரு லோட் கிறவல் கொட்டினாப் போதும்தானே?

கேட்டவுடன் கிடைப்பதும் அதுதான், முதல் மழையில் போவதும் அதுதான். பாதையை உடைத்தது தண்ணீர். தண்ணீர் வந்த வழி அப்படியே இருக்கும்போது மேலே எதைப் போட்டாலும் அதுவும் அதே வழியால் போகும். மனுவில் “வடிகால் வேலை” முதல் வரியாகவும் “கிறவல்” கடைசி வரியாகவும் இருக்கட்டும். பணம் குறைந்தால் கடைசி வரிதான் வெட்டப்படும்.

பாதை பக்கவாட்டில் சற்றுச் சாய வேண்டும். 1 மீற்றர் அகலத்துக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர், பள்ளப் பக்கமாக. ஓரத்தில் குவிந்த மண்வரம்பை வெட்டி எறிய வேண்டும், தண்ணீரைப் பாதைக்குள்ளேயே சிறை வைப்பது அந்த வரம்புதான். செங்குத்தான இடங்களில் பாதைக்குக் குறுக்கே கல் வரிசை. நேர் குறுக்காக வைத்தால் தண்ணீர் தேங்கி மண் நிரம்பி, மேலால் வழியத் தொடங்கும். 45 பாகையளவு சாய்த்து, கல்லின் மூன்றில் இரண்டு பங்கைப் புதைக்க வேண்டும். மரக்குற்றி மலிவு, ஆனால் கறையான் விடாது. தண்ணீர் வெளியேறும் வாயில் இலைகுழை அடைத்தால் வரிசையே வீண் என்பதால், ஆண்டுக்கு இரண்டு தடவை வாய் துப்புரவாக்கும் செலவையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி விடுபடும் வரி அது.

ஓடை கடக்கும் இடத்தில் சிறு குழாய் போட்ட மதகு தருவதாகச் சொன்னால் யோசியுங்கள். வெள்ளத்தோடு வரும் கிளைகள் குழாயை அடைக்கும், தண்ணீர் மேலேறிப் பக்கத்து மண்ணை அறுக்கும். நடப்பவர்களுக்கு, அதுவும் கோடையில் நடப்பவர்களுக்கு, ஓடையின் அடியோடு கல் பரவிய தாழ்வான கடவையே, அதாவது கல்தாம்போதியே, நல்லது. வெள்ளம் மேலால் ஓடிவிடும். கீழ்ப்பக்கத்தில் பெருங்கல் பரவாவிட்டால் மட்டும் விழும் நீர் அடியைக் குடையும். படிகளுக்கு உயரம் 15 முதல் 20 சென்ரிமீற்றர், கால்வைப்பு குறைந்தது 30.

கொங்கிரீட் போட்டுத் தாறம் எண்டால் வேண்டாம் எண்டு சொல்றதே?

ஊருக்குள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், வடிகானோடு. மலைச்சரிவிலும் மணலிலும் வேண்டாம். அடிமண் அரிக்கப்படுவது வெளியே தெரியாது, ஒரு நாள் பலகை முழுதாக முறியும். அந்தத் துண்டங்களைச் சுமந்து இறக்க யாரும் பணம் ஒதுக்குவதில்லை. தொல்லியல் இடங்களில் அந்தத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு சட்டி சீமெந்தும் கொட்டக் கூடாது.

கடற்கரைப் பக்கம் மணல் திட்டே அறுந்து போச்சு. அதுக்கு என்ன கேக்கிறது?

மண் நிரப்பக் கேட்காதீர்கள், அடுத்த வாடைக்காற்றுக் கடல் எடுத்துவிடும். தடத்தை உள்ளே நகர்த்தவும், மீதித் திட்டை வேலியிட்டு ஆட்கள் ஏறாமல் தடுக்கவும், அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் நடவும் கேளுங்கள். “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று நம் ஊரில் சொல்வது வெறும் பேச்சல்ல, மணலைப் பிடித்து வைப்பது அந்தக் கொடிதான். நடுவதற்கு மழை தொடங்கும் ஒக்டோபர் சரி. மண்வேலைக்குச் சொன்ன காலக்கணக்கு இதற்கு மட்டும் பொருந்தாது. 300 மீற்றர் அனுமதியை மறக்க வேண்டாம்.

ஏன் அவங்களிட்டக் கேப்பான்? நாங்களே சிரமதானம் செய்தா முடிஞ்சுது.

இலைகுழை அள்ளுதல், வாய் துப்புரவு, ஆள்கூறு எடுத்தல், இவற்றைத் தாராளமாகச் செய்யுங்கள். குளக்கட்டில் மட்டும் மண்வெட்டி வைக்க வேண்டாம். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஒதுக்கக் காட்டில் வெட்டுவதற்கும் துப்புரவாக்குவதற்கும் அனுமதி தேவை. விழுந்த மரம் வளைந்து இறுகிக் கிடந்தால், வெட்டும் கணத்தில் துள்ளி அடிக்கும், பழகியவரே மரம் அறுக்கும் வாளைத் தொட வேண்டும். பழைய போர்ப் பகுதிகளில் வெள்ளம் மண்ணைக் கிளறியிருக்கிறது. இரும்புப் பொருள் எதுவும் தெரிந்தால் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டு வந்த தடத்திலேயே திரும்பிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

சிரமதானம் செய்தால் ஆட்களின் எண்ணிக்கையையும் மணித்தியாலங்களையும் எழுதி வைத்து மனுவோடு இணைக்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாகச் சிறு வேலைகளை ஒப்பந்தமாக எடுக்கவும் வழி உண்டு. அப்போது கூலி ஊருக்குள் நிற்கும், தரத்தைப் பார்க்கிறவர்களும் நடக்கிறவர்களாகவே இருப்பார்கள்.

வீடு வாசல் போன சனம் இருக்கேக்க, நடக்கிற பாதைக்குக் காசு கேக்கிறது சரியே?

வீட்டுக்கும் வாழ்வாதாரத்துக்கும்தான் முதலிடம், அதை மனுவிலேயே எழுதுங்கள். நீங்கள் கேட்பது வேறு தலைப்பிலிருந்து: திணைக்களங்களின் பராமரிப்பு ஒதுக்கீடு, சபையின் வீதிப் பராமரிப்பு ஒதுக்கீடு. நிவாரண நிதியிலிருந்து கேட்பதென்றால் ஊராரின் அன்றாடப் பாதைகளை மட்டும் கேளுங்கள். வீடிழந்த குடும்பமும் வயலுக்கு அந்தக் கட்டால்தான் நடக்கிறது. முன்பு சொன்ன தலை எண்ணிக்கை இங்கேதான் கைகொடுக்கும். மலையுச்சிக் காட்சிப் பாதைக்கு இந்த ஆண்டு பொறுத்திருக்கலாம் என்பதே எங்கள் நிலைப்பாடு.

பாதையைத் திருத்தச் சொன்னா அதைச் சாட்டிக் காணியைப் பிடிப்பாங்களே?

இந்த மாவட்டத்தில் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை ஒதுக்கிப் பேசக் கூடாது. மனுவின் சொற்களைக் காவலாக வையுங்கள். “தற்போதுள்ள பாதையை, தற்போதுள்ள அகலத்தில் திருத்துதல்” என்று எழுதுங்கள். “அபிவிருத்தி”, “பிரகடனம்”, “எல்லையிடல்” என்ற சொற்கள் வேண்டாம். பழைய நில அளவைப் படத்தில் பாதை குறிக்கப்பட்டிருந்தால் பிரதியை இணையுங்கள். அனுப்பும் முன் விவசாயச் சம்மேளனமும் கோயில், பள்ளிவாசல், விகாரை நிர்வாகங்களும் வாசித்துச் சம்மதிக்கட்டும். எந்த ஊரின் வயலூடாகப் பாதை போகிறதோ அந்த ஊர் மறுத்தால், அந்தத் துண்டை விட்டுவிட்டு மற்றதைக் கேளுங்கள்.

ஒதுக்கிட்டம் எண்டு பேப்பரில வந்துது. வேலையைக் காணேல்ல.

ஒதுக்கீடு, கட்டுநிதி (செலவுக்கான காசு) விடுவிப்பு, கேள்விப்பத்திரம், வேலை, கொடுப்பனவு என்று ஐந்து படிகள். செய்தியில் வருவது முதல் படி. எந்தப் படியில் நிற்கிறது என்று மேலே சொன்ன தகவல் உரிமை விண்ணப்பத்தால் கேளுங்கள். ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று. டிசம்பர் 31க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகும், அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து. செப்டெம்பரிலும் கேள்விப்பத்திரம் வரவில்லை என்றால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் மீண்டும் ஏற்றச் சொல்லுங்கள். மழைக்குள் அவசரமாகச் செய்வதை விட, கல் வேலையை மட்டும் இந்த ஆண்டில் முடித்து மண்வேலையை மாசிக்கு வைக்கும்படி எழுத்தில் கேட்பது நல்லது.

வேலை முடிஞ்சுது எண்டு சங்கத்திட்டக் கையெழுத்துக் கேக்கிறாங்க. வைக்கலாமே?

மதிப்பீட்டின் பிரதி கையில் இல்லாமல் வைக்க வேண்டாம். நாடாவோடும் அதே தடியோடும் போய், உடைவு எண் ஒவ்வொன்றிலும் முன்பு எடுத்த கோணத்திலேயே படம் எடுங்கள். படிக்கல்லின் ஓரத்தில் இருவர் ஏறி நின்றால் அசையக் கூடாது. ஒவ்வொரு கல் வரிசைக்கும் மேலே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் வாயால் வெளியேறிப் பள்ளப் பக்கம் போக வேண்டும். பாதை வழியே கீழே ஓடினால், எந்த வரிசை, எத்தனை மீற்றர் ஓடியது என்று எழுதித் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கொடுங்கள். அதைச் சரிசெய்த பிறகு வைக்கலாம் கையெழுத்து.